‘எதுக்கு?’ என்று கேட்கச் சொன்ன சட்டம்

ஏழு கடல், ஏழு மலை என்று வெகுதூரம் போக வேண்டாம். ஒரே ஒரு மலைக்கு அந்தப் பக்கம் படமங்கலம் என்றொரு நாடு இருந்தது. அங்கே மழை பெய்தது, நெல் விளைந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், வீட்டுக்கு வீடு ஒரு நல்ல பாம்பு இருந்தது.

பாம்பு ஏன் என்றால் செப்பேட்டைக் காட்டுவார்கள். இருநூறு வருடத்துக்கு முன்னால் எதிரிப் படை எல்லைக்கு வந்தபோது, அப்போதைய ராஜாவிடம் படையும் இல்லை, படைக்குப் போடச் சோறும் இல்லை. குடிகள் ஆளுக்கொரு பாம்பைச் சட்டியில் பிடித்துக்கொண்டு போய் எல்லையில் நின்றார்கள். எதிரி ஓடிவிட்டான். எதிரிப் பாளையத்தில் வாந்திபேதி கண்டதால்தான் ஓடினான் என்று எழுதிய சரித்திர ஆசிரியர் ஒருவர் உண்டு. அவருக்கு இப்போது வேலை இல்லை. மகிழ்ந்துபோன ராஜா, ‘குடிகள் தம் காவலுக்கு நல்ல பாம்பு வைத்துக்கொள்ளத் தடை இல்லை’ என்று செப்பேட்டில் வெட்டிக் கொடுத்தார். வருடா வருடம் சித்திரை முதல் நாள் அதைச் சபையில் படிப்பார்கள். எல்லோரும் எழுந்து நிற்பார்கள்.

அந்தக் காலத்துப் பாம்பு மண்சட்டியில், வாயில் துணி கட்டி இருந்தது. முடிச்சை அவிழ்ப்பதற்குள் கோபக்காரனுக்கே கோபம் தணிந்துவிடும். இப்போது சந்தையில் விற்பது விசைக்கூடை. ஓர் ஆணியை அழுத்தினால் மூடி தெறிக்கும். கண் மூடித் திறப்பதற்குள் உள்ளே இருப்பது வெளியே. “செப்பேடு சொன்னது சட்டிப் பாம்பைத்தானே” என்று யாராவது வாயெடுத்தால், “செப்பேட்டில் சட்டி என்ற சொல்லே இல்லையே” என்பார் மந்திரி தர்க்கசிகாமணி. அதுவும் உண்மைதான். கூடை என்ற சொல்லும் இல்லை என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மந்திரியின் மூளைக்கு இது சாதாரணம். அவருடைய பெரிய சாதனை ‘நல்ல’ என்ற சொல்லில் இருந்தது. நல்ல பாம்பு நல்லவரைக் கடிக்காது. கடித்தால் அது நல்ல பாம்பு இல்லை என்பது அவர் கண்ட நியாயம். ஆகவே வீட்டுப் பாம்பு யாரையாவது கடித்தால், அரண்மனைக் குமாஸ்தா உடனே வந்து பதிவேட்டில் ‘நல்ல’ என்பதை அடித்துவிட்டுக் ‘கெட்ட’ என்று எழுதிவிட்டுப் போவார். முப்பது வருடத்தில் நல்ல பாம்பு கடித்து இறந்தவர் ஒருவரும் இல்லை என்று சபையில் அறிக்கை வைப்பார்கள். கெட்ட பாம்பை அடக்க நல்ல பாம்பால்தான் முடியும் என்று அரண்மனைச் சுவரில் பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள்.

அந்த அறிக்கையில் இடம் கிடைக்காத ஒரு பிள்ளையைப் பெற்றவள் பொற்கொடி.

கீழச்சந்தை என்ற ஊரில் பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே அவளுக்கு ஓர் இட்லிக் கடை. புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து நான்கு வருடம். ஒரே மகள் செவ்வந்தி, ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பங்குனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலையில், இளவட்டம் ஒருவன் ஏழு விசைக்கூடைகளைக் காவடி மாதிரித் தோளில் தூக்கிக்கொண்டு வந்து கடையில் உட்கார்ந்தான். நான்கு இட்லி சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டான். பொற்கொடி கூடைகளைப் பார்த்தாள். ஏழு கூடை ஒருத்தனுக்கு எதுக்கு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கிளம்புகிறவனை எங்கே, எதுக்கு என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பது அந்த ஊர் வழக்கம். அவள் கேள்வியை விழுங்கிவிட்டுச் சட்னியை ஊற்றினாள். அவன் கை கழுவிக்கொண்டு தெருவைத் தாண்டினான். இரண்டாம் வகுப்பு ஜன்னலில் கூடைகளை வரிசையாக வைத்து, ஆணிகளை ஒவ்வொன்றாக அழுத்தினான்.

ஒன்பது பிள்ளைகள். செவ்வந்தி ஜன்னலோரம் உட்காருகிறவள்.

அந்த ஏழு கூடைகளையும் ஒரே காலையில் விற்ற வியாபாரியை விசாரித்தார்கள். “அவன்கிட்ட ஒண்ணுமே கேக்கலையா?” என்றார்கள். “கேக்காம இருப்பனா? பெரிசா சின்னதான்னு கேட்டேனே” என்றான் அவன். அவன்மேல் குற்றம் இல்லை என்று தீர்ப்பானது.

மகாராஜா அபயவர்மர் இளகிய மனசுக்காரர். செய்தி கேட்டதும் தேம்பி அழுதார். நாடு முழுக்க இரண்டு நிமிடம் மௌனம் என்று உத்தரவு போட்டார். மௌனம் முடிந்ததும் மந்திரி முதல் சட்டத்தைக் கொண்டுவந்தார்: இனி ஒவ்வொரு ஆசிரியரும் வகுப்பில் ஒரு நல்ல பாம்பு வைத்திருக்க வேண்டும். வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டே ஆசிரியர்கள் ஒரு கண்ணைக் கூடைமேல் வைத்திருந்தார்கள். ஒரே மாதத்தில் மூன்று ஆசிரியர்களையும் தண்ணீர் குடிக்க எழுந்த ஒரு பெண்பிள்ளையையும் பாம்பு கடித்தது. குமாஸ்தா வந்து நான்கு இடத்தில் ‘கெட்ட’ என்று திருத்தினார்.

“குற்றவாளி பாம்பு அல்ல. ஜன்னல்” என்றார் மந்திரி அடுத்த சபையில். “ஜன்னல் இல்லாதிருந்தால் இது நடந்திருக்குமா? யாராவது மறுக்க முடியுமா?” யாராலும் மறுக்க முடியவில்லை. பள்ளிக்கூட ஜன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைத்தார்கள். பிள்ளைகள் பட்டப்பகலில் விளக்கு வைத்துக்கொண்டு படித்தார்கள். மணி அடித்தால் சத்தம் போடாமல் பலகைமேல் ஏறி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார்கள். நன்றாக நின்ற பிள்ளைக்கு ஒரு வெல்லக்கட்டி. அடக் கொடுமையே, ஐந்து வயதுப் பிள்ளை மூச்சு விடாமல் நிற்கக் கற்றுக்கொண்டதைப் பார்த்து அதிகாரிகள் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் தெருவைத் தாண்டி இட்லிக் கடைக்குக் கேட்டது. அன்றைக்கே பொற்கொடி அடுப்பை அணைத்தாள். பிள்ளையைப் பறிகொடுத்த மற்ற எட்டுத் தாய்மாரையும் கூட்டிக்கொண்டு அரண்மனைக்கு வெளியே ஆலமரத்தடியில் கூடும் குறைதீர் சபைக்குப் போனாள்.

“பாம்பைப் பிடுங்கச் சொல்லல மகாராஜா. செப்பேட்டைத் தொடச் சொல்லல. விக்கிறவன், வாங்க வர்றவன்கிட்ட எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கட்டும். அவ்வளவுதான்.”

மகாராஜாவின் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு அவர் கூடைச் சங்கத் தலைவர் விடங்கராயரைப் பார்த்தார். சங்கம்தான் அரண்மனை விழாவுக்கு வருடா வருடம் தன் செலவில் பந்தல் போட்டுக் கொடுப்பது.

விடங்கராயர் எழுந்து அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். “இந்தத் தாய்மாரின் துக்கத்துக்கு முன்னால் நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். வீட்டிலிருந்து கிளம்புகிறவனை எங்கே என்று கேட்கலாமா? அபசகுனம்! அப்படியிருக்க, பணம் கொடுத்து வாங்குகிறவனை எதுக்கு என்று கேட்டால் வியாபாரம் விளங்குமா? நாடு விளங்குமா? நம் முன்னோர்கள் முட்டாள்களா?”

சபையில் பலத்த கரகோஷம். பொற்கொடிக்கு உடம்பு பற்றி எரிந்தது. அந்தச் சகுனத்தைப் பார்த்துத்தானே அவள் பிள்ளையை வாரிக் கொடுத்தாள்!

எட்டுத் தாய்மாரும் அழுகிற சத்தம் கரகோஷத்தைவிடப் பெரிதாக இருந்ததால், மந்திரி ஓர் உபாயம் சொன்னார். மக்களையே கேட்டுவிடலாம். ஊருக்கு ஊர் குடம் வைத்து, ஓலையில் ‘கேட்க வேண்டும்’ அல்லது ‘வேண்டாம்’ என்று எழுதிப் போடச் சொல்லலாம். முதலில் வீடு வீடாகப் போய் யார் எந்தப் பக்கம் என்று கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கு நாற்பத்தொரு பேர் வேண்டும் என்றார்கள், நாற்பத்தொரு பேர் வேண்டாம் என்றார்கள். மிச்சம் பதினெட்டுப் பேர் தெரியவில்லை என்றார்கள். ஊரில் அவர்களை மதில்மேல் பூனை என்றார்கள். அரசாங்கப் பத்திரத்தில் ‘மதில்மேலோர்’ என்று மரியாதையாக எழுதினார்கள்.

பதினெட்டுப் பேர் கையில்தான் எல்லாம் என்றதும் மந்திரிக்கு அவர்கள்மேல் பாசம் பொங்கியது. முடிவெடுப்பது உடம்புக்கு அலுப்பான வேலை என்பதால், முடிவெடுக்காமல் இருக்கும்வரை மாதம் ஒரு மரக்கால் அரிசியும் ஒரு படி நல்லெண்ணெயும் கொடுக்க உத்தரவானது. அடுத்த மாதமே நாட்டில் பாதிப் பேருக்கு எதுவும் தெரியவில்லை. நேற்றுவரை தெருவில் நின்று கத்தியவர்கள்கூட, “யோசிச்சுப் பார்த்தா ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குப்பா” என்று அரிசிப்பையோடு போனார்கள்.

மதில்மேலோரிடம் யாரும் ஒருதலையாகப் பேசி மனசைக் கெடுத்துவிடக் கூடாது என்று இன்னொரு சட்டமும் வந்தது. அதன் பெயர் சமப்பேச்சுச் சட்டம். பாம்புக்கு எதிராக ஒருவர் எவ்வளவு நேரம் பேசுகிறாரோ, அதே அளவு நேரம் பாம்புக்காக அரசாங்க எதிருரைஞர் ஒருவர் பேசுவார். பொற்கொடிக்கு வாய்த்தவர் பெயர் கோவிந்தப்பர். ஒல்லி மனிதர், கையில் நாழிகைக் கிண்ணமும் கக்கத்தில் ஒரு மாதிரிக் கூடையும். இவள் பேசினால், அடியில் துளை போட்ட அந்தக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிடுவார். அது மூழ்கியதும் “நேரம்” என்பார்.

இப்படி முப்பது வீடு ஏறி இறங்கினாள் பொற்கொடி. ஒரு வீட்டில் அழுதார்கள். அழுதுவிட்டுத் தெரியவில்லை என்றார்கள். ஒரு வீட்டில் பொற்கொடி பேசும்போது பொற்கொடிக்கும், கோவிந்தப்பர் பேசும்போது கோவிந்தப்பருக்கும் தலையாட்டினார்கள். மோர் மட்டும் எல்லா வீட்டிலும் கொடுத்தார்கள்.

முப்பத்தொன்றாவது வீடு அவளுடைய அக்கா மரகதத்தின் வீடு. அக்கா புருஷன் திருமேனி தெருவுக்கே பெரிய மனுஷன். அவர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அந்தப் பக்கம் தெருவே சாயும். அவர் சாயவில்லை. அவர் மகள் தாமரையும் இரண்டாம் வகுப்புதான்; அந்த வியாழக்கிழமை காய்ச்சலில் படுத்திருந்ததால் உயிரோடு இருக்கிறாள். அன்றிலிருந்து திருமேனி இட்லிக் கடைப் பக்கம் வந்ததில்லை.

“வாம்மா பொற்கொடி. ஐயா, நீங்களும் வாங்க, உக்காருங்க” என்றார் திருமேனி, இரண்டு பேருக்கும் சமமாகப் பாய் விரித்து. “நான் ஒண்ணும் உனக்கு எதிரி இல்லம்மா. நீ சொல்றதுல நியாயம் இருக்கு. அவங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்யுது. நடுவுல நின்னு பாக்கணுமா இல்லையா?”

“எதுக்கு நடுவுல அத்தான்? ஒரு பக்கம் ஒன்பது பிள்ளைங்க. இன்னொரு பக்கம் என்ன இருக்கு? ஒரு வார்த்தை கேக்குற சங்கடம். இது ரெண்டுக்கும் நடுவுல நிக்க எடம் எங்க இருக்கு?”

“கோவப்படாதம்மா. கெட்டவன் கேட்டாலும் பொய்தானே சொல்லப் போறான்?”

“சொல்லட்டும். ஏழு கூடைக்கு ஒரு பொய் சொல்லிப் பாக்கட்டும். முழிக்கிற முழியில தெரியாதா? கள்ளன் பொய் சொல்வான்னு நாம கதவைத் தாழ்ப்பாள் போடாமலா படுக்குறோம்?”

“நேரம்” என்றார் கோவிந்தப்பர்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒப்பித்தார். “இன்று ஒரு கேள்வி கேட்பார்கள். நாளை இரண்டு கேட்பார்கள். நாளை மறுநாள் கூடையைப் பிடுங்குவார்கள். அதற்கும் மறுநாள் இடுப்பு வேட்டியைப் பிடுங்குவார்கள். அப்போது தடுக்க உங்கள் வீட்டில் பாம்பு இருக்காது.”

திருமேனியின் கை தன்னையறியாமல் வேட்டி முடிச்சைப் பிடித்துக்கொண்டது. பொற்கொடிக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளை போன பிறகு முதல் தடவையாக. சிரித்ததில் கோபம் கொஞ்சம் இறங்கியது. முப்பது வீட்டிலும் தான் பேசிக்கொண்டே இருந்தோமே தவிர யாரையும் ஒன்றும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“அத்தான், நான் பேசல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்க வீட்டுக் கூடை எதுக்கு?”

கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தாள். கோவிந்தப்பர் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். பேசாமல் இருக்கும் நேரத்தை யார் கணக்கில் சேர்ப்பது என்று சட்டத்தில் போட்டிருக்கவில்லை.

“காவலுக்குத்தான்” என்றார் திருமேனி.

பொற்கொடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“திருடன் வந்தா? கூடையை எடுத்து... கூடை பரண்மேல இருக்கு. ஏணி கொல்லையில.” அவருக்கே அது சரியாகப் படவில்லை. “பதினோரு வருஷமா வரல. வந்தா என்னன்னு சொல்றேன்.”

உள்ளேயிருந்து மரகதத்தின் குரல் வந்தது. “தினம் அதுக்குப் பால் வெக்கப் போறவளைக் கேளுங்க. உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு ஏணி ஏறுறேன். தாமரை அந்த அறைக்குள்ள கால் வைக்க மாட்டேங்குறா. காவலாம் காவல்!”

“நீ சும்மா இருடி” என்று திருமேனி அதட்டினார். ஆனால் அதட்டலில் வலு இல்லை. “எதிர் வீட்டுல வெச்சிருக்கான், பக்கத்து வீட்டுல வெச்சிருக்கான். நான் மட்டும் இல்லாம எப்படி...” என்று இழுத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். “பயம்மா. வேற ஒண்ணும் இல்ல.”

பொற்கொடி அப்போதும் எழுந்திருக்கவில்லை.

“உன் மூஞ்சியில முழிக்கத்தான் பயம்” என்றார் திருமேனி. “அன்னிக்கு எல்லாரும் செவ்வந்தியைத் தூக்கிட்டு ஓடினாங்க. நான் கோயிலுக்குப் போய், என் பிள்ளைக்குக் காய்ச்சல் குடுத்தியே சாமின்னு தேங்காய் உடைச்சேன். இப்ப நான் உன் பக்கம் பேசினா, இவ்வளவு நாளா என்னடா பண்ணினேன்னு என் மனசே கேக்கும். தெரியலன்னு சொல்லிட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

பொற்கொடி யாரிடமும் சொல்லாததை அப்போது சொன்னாள். “அவன் என் கடையிலதான் சாப்பிட்டான் அத்தான். ஏழு கூடையும் என் கண்ணு முன்னாடி இருந்துச்சு. எதுக்குப்பான்னு கேக்க வாய் வந்துச்சு. கிளம்புறவனைக் கேக்கக் கூடாதுன்னு முழுங்கிட்டேன். இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டான். ஊத்தினேன். என் பிள்ளையைக் கொல்லப் போறவனுக்கு நான் சட்னி ஊத்தினேன்.”

உள்ளே மரகதம் பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. கோவிந்தப்பர் கிண்ணத்தைத் தண்ணீரில் விடவே மறந்துபோனார். அவர் முறை வந்தபோது, “எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை” என்று சொல்லிவிட்டு மாதிரிக் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். அதற்காக அவருக்கு அரண்மனையிலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது என்பது வேறு கதை.

திருமேனி மறுநாளே அரிசியையும் எண்ணெயையும் சாவடியில் திருப்பிக் கொடுத்தார். “எனக்குத் தெரிஞ்சுபோச்சு” என்று கணக்கரிடம் உரக்கச் சொன்னார். தெருவே கேட்டது. அடுத்த வாரம் தெருவில் பாதி அரிசி திரும்பிப் போனது. பொற்கொடியும் மற்றத் தாய்மாரும் அதன்பிறகு எந்த வீட்டிலும் பிரசங்கம் செய்யவில்லை. எதுக்கு என்று கேட்டார்கள், பதில் வரும்வரை உட்கார்ந்திருந்தார்கள். சில வீடுகளில் பொழுதே சாய்ந்தது.

குடங்களைக் கவிழ்த்து எண்ணியபோது நூற்றுக்கு ஐம்பத்துமூன்று ஓலையில் ‘கேட்க வேண்டும்’ என்று இருந்தது. ஊர் ஊராக மேளம் கொட்டினார்கள். மகாராஜா ஆனந்தக் கண்ணீரோடு கையெழுத்துப் போட்டு, போட்ட எழுத்தாணியைப் பொற்கொடிக்கே பரிசாகக் கொடுத்தார். சட்டம் ஒரே வரிதான். ‘பாம்பு விற்பவர், வாங்க வருபவரிடம் எதுக்கு என்று கேட்க வேண்டும்.’ விடங்கராயர் முன்வரிசையில் உட்கார்ந்து புன்சிரிப்போடு கைதட்டினார். அவர் ஏன் கைதட்டுகிறார் என்று பொற்கொடிக்கு அப்போது புரியவில்லை.

மூன்று மாதம் போயிற்று. தென்கரை ஊர்த் தேரோட்டத்தில், கூட்டத்துக்கு நடுவே ஒருத்தன் ஐந்து கூடைகளின் ஆணிகளை அழுத்தினான். ஆறு பேர் இறந்தார்கள், அதில் இரண்டு கைக்குழந்தை. பொற்கொடி தென்கரைச் சந்தைக்கே போய், விற்றவனின் ஓலைக்கட்டை வாங்கிப் பார்த்தாள். சட்டப்படி எல்லாம் சுத்தமாக எழுதியிருந்தது.

கேட்டது: எதுக்கு.
சொன்னது: சும்மா.

மேலே புரட்டினாள். கீழே புரட்டினாள். மூன்று மாதத்துக் கட்டிலும் சும்மா, சும்மா, சும்மா. ஒரு நாளில் நாற்பது சும்மா. சில இடத்தில் வியாபாரி முன்கூட்டியே சும்மா என்று எழுதி வைத்திருந்தான். ஆள் வந்தால் பெயரைப் போட வேண்டியதுதான் பாக்கி.

“சும்மான்னு சொன்னா விட்டுடறதா?” என்று அடுத்த குறைதீர் சபையில் நின்று கத்தினாள் பொற்கொடி. “சும்மாங்கிறது ஒரு பதிலா? பேச்சை முடிக்கச் சொல்ற வார்த்தை அது! கேக்கணும்னு சட்டம் போட்டீங்களே, கேட்டாங்களா?”

மந்திரி தர்க்கசிகாமணி நிதானமாக எழுந்தார். “கேட்டார்கள் அம்மணி. ஓலையிலேயே இருக்கிறதே.”

“வாயால கேட்டாங்க. காதால கேட்டாங்களா?”

“ஆ! நல்ல வினா.” மந்திரியின் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி தெரிந்தது. “நம் மொழியில் ‘கேட்டல்’ என்பதற்கு இரண்டு பொருள். ஒன்று வினவுதல். மற்றொன்று செவிகொடுத்தல். இந்தச் சட்டம் எந்தக் கேட்டலைச் சொல்கிறது என்று சட்டத்தில் இல்லை. ஐயம் வரும் இடத்தில் வியாபாரத்துக்கு இடைஞ்சல் இல்லாத பொருளைக் கொள்வது மரபு. ஆகவே விற்பவர் வினவினால் போதும். செவிகொடுக்க வேண்டியதில்லை. பதில் வருமுன்பே கூடையைக் கொடுத்தாலும் குற்றமில்லை.”

புலவர்கள் ஆமோதித்தார்கள். மகாராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் மௌனம் என்றார். எல்லோரும் எழுந்தார்கள். பொற்கொடி மட்டும் எழுந்திருக்கவில்லை. கேட்க வேண்டும் என்று எழுதும்போது அவளோ, திருமேனியோ, ஓலை போட்ட லட்சம் பேரோ இதை யோசிக்கவில்லை. ஒருத்தரைக் கேள்வி கேட்டால் பதிலுக்கு நிற்பார்கள் என்று நம்பிவிட்டார்கள். பாவிகள், இது கூடச் சட்டத்தில் எழுத வேண்டிய சங்கதியா?

மறுநாள் காலை அவள் தலைநகரச் சந்தையில் பெரிய கடையாகப் பார்த்து ஏறினாள்.

“வாங்கம்மா. எதுக்கு?” என்று கேட்டான் கடைக்காரன், எழுத்தாணியை எடுத்துக்கொண்டே.

“மந்திரி மடியில கவிழ்க்கிறதுக்கு.”

“ம...ந்...தி...ரி ம...டி...யி...ல” என்று முணுமுணுத்தபடி எழுதி முடித்து, ஓலையைத் தட்டிக் கட்டில் செருகிவிட்டு, நகலை அவளிடம் நீட்டினான். “பெரிசா, சின்னதா? விசை புதுசா வந்திருக்கு, கை வலிக்காது. சும்மாடு கொண்டாந்திருக்கீங்களா, தலையில வெச்சுத் தூக்க?”

அவன் நையாண்டி செய்யவில்லை. அவள் சொன்னது அவன் காதில் விழவே இல்லை.

கூடையை வாங்கி வெளியே வந்ததும், பொற்கொடி தன் முந்தானையைக் கிழித்து விசை ஆணியை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். யாரையும் கொல்ல அவளுக்கு மனசில்லை. அந்த ஓலையையும் கூடையையும் மகாராஜாவின் காலடியில் வைத்து, பாருங்கள், கொல்லத்தான் என்று சொன்னேன், அப்படியும் கொடுத்தான் என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் தூக்கிக்கொண்டு நடந்தாள். ராஜவீதியில் எத்தனையோ பேர் எதிரே வந்தார்கள். கூடையைப் பார்த்து வழிவிட்டார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இதுநாள்வரை ஆலமரத்தடிச் சபையோடு திரும்பியவள், அன்றைக்குத்தான் முதல் தடவையாக அரண்மனை வாசலுக்கே போனாள். இரண்டு காவலர்கள் வேல்களைக் குறுக்கே நீட்டினார்கள்.

“அம்மா, அங்கேயே நில்லுங்க. கூடை எதுக்கு?” என்றார் மூத்த காவலர்.

பொற்கொடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “சும்மா” என்றாள்.

“என்னது, சும்மாவா? பாம்பைத் தூக்கிக்கிட்டு யாராவது சும்மா வருவாங்களா? யார்கிட்டம்மா கதை விடுறீங்க?” அவர் வேலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிட்டே வந்தார். “எங்க வாங்கினீங்க? யார் வித்தது? உள்ள யாரைப் பாக்கணும், என்ன விஷயமா? முதல்ல கூடையைக் கீழ வைங்க. பதில் சொல்ற வரைக்கும் ஒரு அடி நகர முடியாது. அவசரம் இல்ல, நிதானமா சொல்லுங்க.”

கேட்டுவிட்டு அவர் நின்றார். தலையை லேசாகச் சாய்த்து, காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். வாசலுக்குப் பக்கத்தில் நீளமான இரும்புப் பெட்டி ஒன்று பூட்டியிருந்தது. அதன்மேல் ‘வருகிறவர் யாராயினும் கூடையை இங்கே ஒப்படைக்கவும்’ என்று எழுத்து மங்கிப்போய் இருந்தது.

“யாரா இருந்தாலுமா?” என்றாள் பொற்கொடி.

“மந்திரியே வந்தாலும் இதுல வெச்சிட்டுத்தான் உள்ள போகணும். கூடைச் சங்கத்துத் தலைவரும் அப்படித்தான். எங்க தாத்தா இந்த வாசல்ல நின்ன காலத்துலேர்ந்து இதுதான் வழக்கம்.”

பொற்கொடி கூடையைக் கீழே வைத்தாள். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். “இவ்வளவு நல்லாக் கேக்குறீங்களேய்யா. பதிலுக்குக் காத்துக்கிட்டு வேற நிக்கிறீங்க. இதே மாதிரி எங்க பள்ளிக்கூடத்து வாசல்ல நின்னு கேக்க ஒருத்தரைப் போடலையே, அது ஏன்?”

காவலர் கெட்ட மனிதர் இல்லை. அவள் கேட்டது அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அரண்மனைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? இங்க உள்ள இருக்கிறவங்க எல்லாம் பெரியவங்களாச்சே.”